தேர்வு அடிகோளைக் கைவிட்டால் இடவியலின் வரையறைகள் எங்கெங்கே பிரிகின்றன?

கேள்வி இது: "தொடர்ச்சிக்கு எப்சிலான்–டெல்டா வரையறையும் தொடர்வரிசை வரையறையும் ஒன்றே என்று முதுகலை வகுப்பில் நிறுவினோம். காம்பாக்ட் வெளிகளுக்கும் அப்படியே. தேர்வு அடிகோள் இல்லாவிட்டால் இவை வெவ்வேறாகிவிடும் என்கிறார்கள். எப்படி? அப்போது எது சரியான வரையறை?"

தேர்வு அடிகோள் என்பது, வெற்றல்லாத கணங்களின் எந்தத் தொகுதியிலும் ஒவ்வொரு கணத்திலிருந்தும் ஓர் உறுப்பை எடுத்துத் தரும் தேர்வுச் சார்பு உண்டு என்ற கூற்று. அதைக் கைவிட்டால், ஆம், பிரிகின்றன. ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் ஒரே விதமாகப் பிரிவதில்லை. தேர்வு அடிகோள் இல்லாத கணிதம் என்று ஒரே ஓர் உலகம் இருப்பதாக எண்ணிக்கொள்வதுதான் பலரும் தடுமாறும் இடம். அந்த அடிகோள் பொய்யாவதற்குப் பல வழிகள் உண்டு. ஒரு வழியில் பொய்யானால் தொடர்வரிசைகள் பயனற்றுப் போகும், அல்ட்ராஃபில்டர்கள் (ஒரு கணத்தின் உட்கணங்களை முரணின்றிப் பெரியவை, சிறியவை என்று இரண்டாகப் பிரிக்கும் அமைப்புகள்) நலமாக இருக்கும். இன்னொரு வழியில் இதற்கு நேர்மாறு. ஆகவே எந்த வரையறை எதிலிருந்து பிரிகிறது என்பது, தேர்வின் எந்தத் துண்டை இழந்தோம் என்பதைப் பொறுத்தது. கீழே இதைத்தான் எடுத்துக்காட்டுகளோடு விளக்கப் போகிறேன். முடிந்த இடங்களில் முழு நிறுவலையும் தருகிறேன். பெரும்பாலானவை ஒரு பத்தியில் அடங்கிவிடும்.

முதலில் தேர்வு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம். ஒரு சார்பு ஒரு புள்ளியில் தொடர்வரிசைப் பொருளில் தொடர்ச்சியானது என்றால், அப்புள்ளிக்கு ஒருங்கும் எந்தத் தொடர்வரிசையை எடுத்தாலும் அதன் சார்பு மதிப்புகளும் உரிய மதிப்புக்கு ஒருங்க வேண்டும். இதிலிருந்து எப்சிலான்–டெல்டா தொடர்ச்சியை நிறுவும்போது எல்லாரும் எழுதும் வரிகள் இவை: "சார்பு தொடர்ச்சியற்றது எனக் கொள்க. அப்போது ஏதோ ஓர் எப்சிலானுக்கு, ஒவ்வொரு இயல் எண் ந-வுக்கும், புள்ளியிலிருந்து ந-இல் ஒரு பங்கு தூரத்துக்குள், சார்பு மதிப்பு எப்சிலான் அளவாவது விலகி நிற்கும் ஓர் எண் உண்டு. அதை ந-ஆவது உறுப்பாக எடுத்துக்கொள்க." அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் முடிவிலாத் தேர்வு நடக்கிறது. ஒவ்வொரு ந-வுக்கும் தகுதியுள்ள எண்கள் வெற்றல்லாத ஒரு கணமாக இருக்கின்றன. அவற்றில் எது என்று சொல்ல நம்மிடம் விதி இல்லை. முடிவுள்ள எண்ணிக்கையில் எடுப்பதற்கு எந்த அடிகோளும் வேண்டாம். விதி இருந்தால் முடிவிலாமல் எடுப்பதற்கும் வேண்டாம். விதியின்றி, முடிவிலாமல், ஒரே மூச்சில் எடுப்பதற்குத்தான் அடிகோள் தேவை.

ஹைனே 1872-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த நிறுவல் இருக்கிறது. அதைக் கான்டரிடமிருந்து பெற்றதாக அவரே குறிப்பிட்டார். ஸெர்மெலோ தேர்வு அடிகோளை வெளிப்படையாக எழுதியது 1904-இல்தான். அடுத்த ஆண்டே போரெல், பெய்ர், லெபேக் ஆகிய மூவரும் அதை ஏற்க மறுத்து அதமாருடன் கடிதங்களில் வாதாடினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மூவருமே தம் பகுப்பாய்வு நிறுவல்களில் அறியாமலேயே அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். எங்கெங்கே பயன்படுத்தினார்கள் என்று பிற்பாடு பொறுமையாகக் கணக்கெடுத்தவர் சியர்பின்ஸ்கி.

சரி, விதி இல்லை என்பதற்காக முடிவு பொய்யாகிவிடுமா? வேறு சாமர்த்தியமான நிறுவல் இருக்கக்கூடாதா? இருக்க முடியாது என்பதற்கு 1963-இல் கோஹென் கட்டிய மாதிரியே சான்று. கணக் கோட்பாட்டின் வழக்கமான, தேர்வு சேராத ஸெர்மெலோ–ஃப்ராங்கெல் அடிகோள்கள் அனைத்தும் மெய்யாகும் அந்த மாதிரியில் மெய்யெண்களின் ஒரு விசித்திரமான கணம் இருக்கிறது. அதை இங்கே டெ என்று அழைக்கிறேன். அது முடிவிலாக் கணம். ஆனால் அதற்குள் எண்ணத்தக்க முடிவிலா உட்கணம் எதுவும் இல்லை. அதாவது டெ-யின் வெவ்வேறு உறுப்புகளை முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று முடிவில்லாமல் வரிசைப்படுத்திக்கொண்டே போக இயலாது. டெடிகிண்ட் கொடுத்த "முடிவுள்ள கணம்" (தன் தகு உட்கணம் எதனோடும் ஒன்றுக்கொன்றாகப் பொருத்த முடியாதது) என்ற வரையறையின்படி டெ முடிவுள்ளது. இயல் எண்களால் எண்ணும் வரையறைப்படி முடிவிலாதது. வரையறைகள் பிரிவது இங்கேயே, இடவியல் தொடங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. இன்னொரு செய்தியும் வேண்டும்: டெ மெய்யெண் கோட்டில் அடர்ந்தது. எந்த இடைவெளியை எடுத்தாலும் அதற்குள் டெ-யின் உறுப்பு உண்டு.

டெ-யின் உறுப்புகளால் மட்டும் ஒரு தொடர்வரிசை அமைத்தால், அதில் வரும் வெவ்வேறு மதிப்புகள் முடிவுள்ளவையே. இல்லாவிட்டால் அம்மதிப்புகளே எண்ணத்தக்க முடிவிலா உட்கணமாகிவிடும். இந்த ஒரு வரியிலிருந்து இனி வரும் பல விபரீதங்கள் பிறக்கின்றன.

இப்போது ஒரு சார்பு: டெ-யின் உறுப்புகளில் மதிப்பு 1, மற்ற இடங்களில் 0. டெ-யில் இல்லாத ஒரு புள்ளியை எடுத்து, அதற்கு ஒருங்கும் எந்தத் தொடர்வரிசையையும் பாருங்கள். அதில் முடிவிலாத உறுப்புகள் டெ-யைச் சேர்ந்தவை என்றால், அவை முடிவுள்ள சில மதிப்புகளையே திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். அப்போது ஏதோ ஒரு மதிப்பு முடிவிலாமல் வரும், எல்லையும் அதுவாகவே இருக்கும். எல்லையோ டெ-யில் இல்லை. முரண்பாடு. எனவே தொடர்வரிசை ஒரு கட்டத்துக்குப் பிறகு டெ-யை விட்டு முற்றாக வெளியே போய்விடும். சார்பு மதிப்பு 0-வில் நிலைத்துவிடும். ஆகவே டெ-க்கு வெளியே ஒவ்வொரு புள்ளியிலும் இச்சார்பு தொடர்வரிசைப் பொருளில் தொடர்ச்சியானது. டெ அடர்ந்தது என்பதால் எப்சிலான்–டெல்டா பொருளில் அது எந்தப் புள்ளியிலும் தொடர்ச்சியானதல்ல.

இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது. பாடநூல்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. சார்பு ஒரு புள்ளியில் மட்டுமல்லாமல் மெய்யெண் கோட்டின் எல்லாப் புள்ளிகளிலும் தொடர்வரிசைப் பொருளில் தொடர்ச்சியானது என்று தெரிந்தால், அது எப்சிலான்–டெல்டா பொருளிலும் எங்கும் தொடர்ச்சியானது. இதற்குத் தேர்வு துளியும் வேண்டாம். நிறுவல்: ஒரு புள்ளியில் எப்சிலான்–டெல்டா தவறுகிறது என்போம். ந-இல் ஒரு பங்கு தூரத்துக்குள் மதிப்பு எப்சிலான் அளவாவது விலகும் எண் ஒன்று இருக்கிறது. அந்த எண்ணிலும் சார்பு தொடர்வரிசைப் பொருளில் தொடர்ச்சியானது. அதன் தசம விரிவை வெட்டி வெட்டி விகிதமுறு எண்களால் அதை அணுகலாம். எனவே அதே தூரத்துக்குள் மதிப்பு எப்சிலானில் பாதிக்கு மேல் விலகும் ஒரு விகிதமுறு எண்ணும் உண்டு. விகிதமுறு எண்களையோ ஒரே பட்டியலாக ஒருமுறை எழுதி வைத்துவிடலாம். அந்தப் பட்டியலில் முதலில் வரும் தகுதியான எண்ணை ந-ஆவது உறுப்பாக எடுங்கள். இப்போது விதி இருக்கிறது, தேர்வு இல்லை. புள்ளிக்கு ஒருங்கும் தொடர்வரிசை கிடைத்தது, மதிப்புகள் ஒருங்கவில்லை, முரண்பாடு. இரண்டு கூற்றுகளுக்கும் எவ்வளவு ஒற்றுமை! "ஒவ்வொரு புள்ளியிலும்" என்ற ஒரு சொற்றொடர் வந்ததும் அடிகோளின் தேவையே மறைந்துவிடுகிறது. மேலே சொன்ன விபரீதச் சார்பு இதற்கு முரணானதல்ல. டெ-யின் உறுப்புகளில் அது தொடர்வரிசைப் பொருளிலும் தொடர்ச்சியற்றதே.

அடுத்து கச்சிதம். காம்பாக்ட் என்று வகுப்பில் சொல்லும் பண்பைத்தான் இப்பெயரால் குறிக்கிறேன். ஒரு வெளியை முழுவதும் மூடும் திறந்த கணங்களின் தொகுதியை உறை என்போம். எந்த உறையை எடுத்தாலும் அதிலுள்ள முடிவுள்ள சில கணங்களே வெளியை மூடப் போதும் என்பது உறைவழிக் கச்சிதம். எந்தத் தொடர்வரிசைக்கும் ஒருங்கும் துணைத் தொடர்வரிசை உண்டு என்பது தொடர்வரிசைக் கச்சிதம். மெய்யெண் கோட்டில் மூடிய, வரம்புள்ள கணங்கள் உறைவழியில் கச்சிதமானவை. உறைவழியில் கச்சிதமானவை மூடியவை, வரம்புள்ளவை. ஹைனே–போரெல் தேற்றத்தின் இரு திசைகளும் தேர்வின்றியே நிற்கின்றன. மூடிய, வரம்புள்ள கணங்கள் தொடர்வரிசைக் கச்சிதமானவை என்பதும் தேர்வின்றி நிற்கும். இடைவெளியைப் பாதி பாதியாக வெட்டி, முடிவிலா உறுப்புகள் இருக்கும் இடது பாதியை முதலில் பார் என்று விதி சொல்லிவிடலாம். உடைவது மறுதிசைதான். டெ-யில் எந்தத் தொடர்வரிசைக்கும் முடிவுள்ள மதிப்புகளே, எனவே அதற்கு மாறாத் துணைத் தொடர்வரிசை உண்டு. அது டெ-க்குள்ளேயே ஒருங்கும். ஆகவே டெ தொடர்வரிசைக் கச்சிதமானது. ஆனால் அது மூடியதுமல்ல, வரம்புள்ளதுமல்ல. பூச்சியத்தை மையமாகக் கொண்டு வளர்ந்துகொண்டே போகும் இடைவெளிகளால் அதை மூடினால், முடிவுள்ள எண்ணிக்கை போதாது.

இதே டெ இன்னும் சில பழகிய தேற்றங்களையும் கவிழ்க்கிறது. அதில் எந்தக் கோஷி தொடர்வரிசையும் ஒரு கட்டத்துக்குப் பின் மாறாமல் நின்றுவிடும். எனவே டெ முழுமையான மெட்ரிக் வெளி, ஆனால் மெய்யெண் கோட்டுக்குள் அது மூடிய கணம் அல்ல. முழுமையை, தொடர்வரிசைகளுக்குப் பதிலாக கோஷி ஃபில்டர்களால் (ஃபில்டர் என்பது வெட்டுக்கும் மேற்கணத்துக்கும் மூடிய, வெற்றுக் கணம் இல்லாத கணத் தொகுதி; எவ்வளவு சிறிய விட்டமுள்ள கணமும் அதில் இருந்தால் அது கோஷி) வரையறுத்தால் டெ முழுமையானதல்ல. மேலும் விகிதமுறு முனைகள் கொண்ட இடைவெளிகள் எண்ணத்தக்கவை என்பதால் டெ-க்கு எண்ணத்தக்க அடிப்படைத் தொகுதி (எந்தத் திறந்த கணமும் இதன் கணங்களின் சேர்ப்பு) உண்டு. ஆனால் அதன் எண்ணத்தக்க உட்கணங்கள் எல்லாம் முடிவுள்ளவை, அவை அடர்ந்தவையாக இருக்க முடியாது. எண்ணத்தக்க அடிப்படை, எண்ணத்தக்க அடர்ந்த உட்கணம் என்ற இரண்டையும் மெட்ரிக் வெளிகளில் ஒன்றாகவே பாவித்து வந்தோம். இரண்டாவதிலிருந்து முதலாவது தேர்வின்றி வரும். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக, அடிப்படைத் தொகுதியின் ஒவ்வொரு கணத்திலிருந்தும் ஒரு புள்ளியைப் பொறுக்க வேண்டும்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, இதெல்லாம் டெ போன்ற நோயாளிக் கணங்களின் பிரச்சினை, நல்ல வெளிகளுக்கு எதுவும் ஆகாது என்று தோன்றலாம். அப்படியல்ல. இயல் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். தனித்தனிப் புள்ளியெல்லாம் திறந்த கணமாக இருக்கும் வெளி. இதைவிட எளிய முடிவிலா வெளி கிடையாது. இது லிண்டலாஃப் வெளியா? அதாவது இதன் எந்த உறையிலிருந்தும் எண்ணத்தக்க துணை உறையைப் பிரித்தெடுக்கலாமா? வெளியே எண்ணத்தக்கது, ஒவ்வொரு எண்ணுக்கும் அதை மூடும் ஒரு கணத்தை எடுத்தால் முடிந்தது என்று கை தானாக எழுதிவிடும். அங்கேயே மாட்டிக்கொள்கிறோம். இயல் எண்கள் லிண்டலாஃப் என்ற கூற்று, மெய்யெண்களின் உட்கணங்களுக்கான எண்ணத்தக்க தேர்வுக்கு, அதாவது அத்தகைய வெற்றல்லாத கணங்களின் எந்தத் தொடர்வரிசைக்கும் தேர்வுச் சார்பு உண்டு என்பதற்கு, சமானம். ஹெர்லிக்கும் ஸ்ட்ரெக்கரும் 1997-இல் இதை வெளியிட்டார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது, அதனால் நிறுவலையும் எழுதுகிறேன்.

ஒரு மெய்யெண்ணை இயல் எண்களின் ஓர் உட்கணமாகக் குறியிடலாம் என்பது தெரிந்ததே. ஆகவே வெற்றல்லாத கணங்களின் ஒரு தொடர்வரிசை கொடுக்கப்பட்டிருப்பதாகவும், ஒவ்வொரு கணத்தின் உறுப்புகளும் இயல் எண்களின் உட்கணங்கள் என்றும் கொள்வோம். ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பைத் தேர்வது நம் வேலை. இயல் எண்களின் இரண்டு பிரதிகளை அருகருகே வையுங்கள்: ஒற்றைப்படை எண்கள் முதற்பிரதி, இரட்டைப்படை எண்கள் இரண்டாம் பிரதி என்று வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்ததும் இயல் எண்களே. ந-ஆவது கணத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு திறந்த கணம் அமையுங்கள்: முதற்பிரதியிலிருந்து ந என்ற ஒரே ஒரு புள்ளி, இரண்டாம் பிரதியிலிருந்து அந்த உறுப்பு முழுவதும். இவற்றோடு இரண்டாம் பிரதி முழுவதையும் ஒரு கணமாகச் சேர்த்தால் உறை தயார். இதற்கு எண்ணத்தக்க துணை உறை ஒன்று வரிசைப்படுத்தப்பட்டுக் கிடைக்கிறது என்போம். ஒவ்வொரு ந-வுக்கும், முதற்பிரதியின் ந என்ற புள்ளியை மூடும் முதல் கணத்தை அந்த வரிசையில் தேடுங்கள். அது ந-ஆவது கணத்தின் ஏதோ ஓர் உறுப்பிலிருந்து செய்யப்பட்டதாகத்தான் இருக்க முடியும். அதன் இரண்டாம் பிரதிப் பகுதியைப் படித்தால் அந்த உறுப்பே கையில் கிடைக்கும். தேர்வு முடிந்தது! மறுதிசை எளிது: இயல் எண்களை மூடும் உறை என்பது இயல் எண்களின் உட்கணங்களால் ஆன தொகுதி; ஒவ்வொரு எண்ணுக்கும் அதை மூடும் உட்கணங்களிலிருந்து ஒன்றைத் தேர்வது, மெய்யெண் உட்கணங்களுக்கான எண்ணத்தக்க தேர்வு தவிர வேறில்லை.

ஆகவே கோஹென் மாதிரியில் இயல் எண்கள் லிண்டலாஃப் அல்ல, விகிதமுறு எண்கள் அல்ல, மெய்யெண் கோடும் அல்ல. சார்பு ஒரு புள்ளியில் தொடர்ச்சியாவது பற்றிய முந்தைய கூற்று, மெய்யெண் கோட்டின் ஒவ்வொரு உட்கணத்திலும் எண்ணத்தக்க அடர்ந்த உட்கணம் உண்டு என்ற கூற்று ஆகியவையும் இதே தேர்வுக்குத்தான் சமானம். இவை ஒன்று போனால் எல்லாம் போகும் கூட்டம். வரையறையைச் சற்றே மாற்றினால் நிலைமை தலைகீழாகும் என்பதையும் கவனியுங்கள். "எண்ணத்தக்க துணை உறை உண்டு" என்பதற்குப் பதில், "உறையின் கணங்களுக்குள் அடங்கும் திறந்த கணங்களால் ஆன எண்ணத்தக்க உறை ஒன்று உண்டு" என்று கேட்டால், எண்ணத்தக்க அடிப்படையுள்ள எல்லா வெளிகளுக்கும் அது தேர்வின்றி மெய்யாகும். இயல் எண்களுக்கு ஒற்றைப் புள்ளிக் கணங்களே போதும். வழக்கமான நிறுவலில் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒரு படியைத்தான் யோசிக்காமல் தாண்டிவிடுகிறோம்.

இனி மறுபக்கம். டிக்கனாஃப் தேற்றம் கச்சித வெளிகளின் பெருக்கல் வெளி கச்சிதமானது என்கிறது. உறைவழிக் கச்சிதத்தை எடுத்துக்கொண்டால் இது முழுத் தேர்வு அடிகோளுக்கே சமானம். 1950-இல் கெல்லி காட்டினார். யுக்தி இரண்டு வரி: கொடுத்த ஒவ்வொரு வெற்றல்லாத கணத்தோடும் புதிய புள்ளி ஒன்றைச் சேர்த்து, பழைய கணமும் புதிய புள்ளியும் தனித்தனியே திறந்தவை, வேறு நுட்பமான திறந்த கணம் இல்லை என்று வையுங்கள். ஒவ்வொன்றும் கச்சிதம், ஏனெனில் மொத்தமே நான்கு திறந்த கணங்கள். பெருக்கல் வெளியில் "இந்த ஆயத்தொலைவு பழைய கணத்தில் இருக்கட்டும்" என்பது மூடிய நிபந்தனை. முடிவுள்ள எண்ணிக்கை நிபந்தனைகளை நிறைவேற்ற முடிவுள்ள தேர்வு போதும், மீதி இடங்களில் புதிய புள்ளியை வைத்துவிடலாம். கச்சிதம் எல்லா நிபந்தனைகளையும் சேர்த்து நிறைவேற்றும் புள்ளியைத் தருகிறது. அந்தப் புள்ளிதான் தேர்வுச் சார்பு.

ஆனால் ஹவுஸ்டார்ஃப் வெளிகளோடு (எந்த இரு புள்ளிகளையும் ஒன்றையொன்று தொடாத திறந்த கணங்களால் பிரிக்கக்கூடியவை) நிறுத்திக்கொண்டால் தேற்றத்தின் பலம் குறைகிறது. அது "ஒவ்வொரு ஃபில்டரையும் ஓர் அல்ட்ராஃபில்டராக விரிக்கலாம்" என்ற கூற்றுக்குச் சமானம், அவ்வளவே. இதிலிருந்து முழுத் தேர்வு வராது என்று ஹால்பெர்னும் லெவியும் நிறுவினார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது, நாம் இதுவரை சுற்றி வந்த அதே கோஹென் மாதிரி. அங்கே எல்லா ஃபில்டர்களும் விரியும். "எல்லா அல்ட்ராஃபில்டர்களும் ஒருங்கும்" என்ற கச்சித வரையறையும் உறைவழி வரையறையும் அங்கே எல்லா வெளிகளுக்கும் ஒன்றே. கச்சித ஹவுஸ்டார்ஃப் வெளிகளை எத்தனை வேண்டுமானாலும் பெருக்கலாம். தொடர்வரிசைகள் மட்டும்தான் அங்கே கைவிட்டுவிட்டன.

இதற்கு எதிர்முனையில் இருப்பது 1970-இல் சாலவே வெளியிட்ட மாதிரி. ஒரு பெருங்கார்டினல் (வழக்கமான அடிகோள்களால் இருப்பதாக நிறுவ முடியாத மிகப் பெரிய முடிவிலி) உண்டு என்ற கூடுதல் அனுமானத்தில் கட்டப்பட்டது அது. மெய்யெண்களின் எல்லா உட்கணங்களும் அங்கே லெபேக் அளவை உடையவை. அதில் சார்புத் தேர்வு, அதாவது ஒவ்வொரு படியிலும் முந்தைய படியைப் பார்த்து அடுத்ததைத் தேரும் எண்ணத்தக்க தேர்வு, மெய். எனவே மெட்ரிக் வெளிகளில் தொடர்வரிசைப் பகுப்பாய்வு முழுவதும் வகுப்பில் படித்தபடியே நடக்கும். டெ போன்ற கணங்கள் அங்கே கிடையாது. இயல் எண்கள் லிண்டலாஃப். ஆனால் இயல் எண்களின் மீது ஒற்றைப் புள்ளியால் ஆளப்படாத அல்ட்ராஃபில்டர் ஒன்றுகூட அங்கே இல்லை. விளைவு: அல்ட்ராஃபில்டர் வரையறைப்படி, தனித்தனிப் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும் இயல் எண்கள் ஒரு கச்சித வெளி! அதன் மேல் வரம்பற்ற தொடர்ச்சியான சார்பு இருப்பது பற்றி அந்த வரையறைக்குக் கவலையே இல்லை. இரண்டே புள்ளிகள் கொண்ட வெளியை மெய்யெண்கள் எத்தனையோ அத்தனை முறை பெருக்கினால் கிடைக்கும் வெளி, அங்கே உறைவழியில் கச்சிதம் அல்ல. அது கச்சிதமாக இருந்தால் இல்லாத அல்ட்ராஃபில்டர் உருவாகிவிடும்.

அல்ட்ராஃபில்டர் வரையறையில் இன்னொரு முரண்நகையும் உண்டு. அதன்படி கச்சிதமான ஹவுஸ்டார்ஃப் வெளிகளின் பெருக்கலும் அதே பொருளில் கச்சிதமானது என்பதை எந்தத் தேர்வும் இன்றி நிறுவலாம். ஹவுஸ்டார்ஃப் வெளியில் எல்லை ஒன்றே ஒன்று, எனவே எதையும் பொறுக்க வேண்டியதில்லை. தேற்றம் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் வரையறை சில மாதிரிகளில் வெறுமையாகிவிடுகிறது. தேற்றம் எளிதாவதை மட்டும் வைத்து வரையறையைத் தேர்ந்தெடுக்கக்கூடாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

"உண்டு" என்பதும் "கையில் இருக்கிறது" என்பதும் பிரிவது வேறொரு வகை. மெட்ரிக் வெளி என்றால் தூரச்சார்பு கொடுக்கப்பட்டிருக்கிறது. மெட்ரிக்காக்கத்தக்க வெளி என்றால் அப்படி ஒரு தூரச்சார்பு எங்கோ இருக்கிறது. ஒரு வெளியைப் பொறுத்தவரை வித்தியாசம் இல்லை. முடிவிலா எண்ணிக்கையில் வெளிகள் வந்ததும் வித்தியாசம் வெடிக்கும். முழு எண்களைப் போல வரிசைப்பட்ட கணங்களின் தொடர்வரிசை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதிலும் பூச்சியம் எது என்று குறிக்கப்படவில்லை. அவற்றுக்குத் தேர்வுச் சார்பும் இல்லை. அப்படிப்பட்ட மாதிரி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இடமுனை, வலமுனை என்று இரண்டு புள்ளிகளைச் சேர்த்தால் ஒவ்வொன்றும் கச்சிதமான, மெட்ரிக்காக்கத்தக்க வெளி. எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குங்கள். இடமுனைகள் எல்லாம் ஒரு மூடிய கணம், வலமுனைகள் எல்லாம் இன்னொரு மூடிய கணம். இரண்டையும் ஒன்றையொன்று தொடாத திறந்த கணங்களால் பிரிக்க முடிந்தால், ஒவ்வொரு துண்டிலும் இடப்பக்கத் திறந்த கணத்துக்குள் தொடர்ச்சியாக அடங்கும் பகுதியின் கடைசி உறுப்பு எது என்று கேட்கலாம். விடை தனித்த ஒன்று. அதுவே தேர்வுச் சார்பாகிவிடும். தேர்வுச் சார்பு இல்லை, எனவே பிரிக்க முடியாது. வரிசைப்பட்ட வெளி ஒன்று நார்மல் (பொதுப்புள்ளி இல்லாத எந்த இரு மூடிய கணங்களையும் இப்படிப் பிரிக்கக்கூடியது) அல்ல என்று 1985-இல் வான் டவுவன் இப்படித்தான் காட்டினார். மெட்ரிக் வெளிகள் நார்மல் என்பது தேர்வின்றியே நிற்பதால், இந்த அடுக்கு மெட்ரிக்காக்கத்தக்கதும் அல்ல. எண்ணத்தக்க எண்ணிக்கையில் மெட்ரிக்காக்கத்தக்க வெளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததற்கே இந்தக் கதி. ஒவ்வொன்றுக்கும் தூரச்சார்பைச் சேர்த்தே கொடுத்திருந்தால் எந்தச் சிக்கலும் வந்திராது.

ஃபெஃபர்மன்–லெவி மாதிரியையும் விட்டுவிட முடியாது. அங்கே மெய்யெண் கணம் எண்ணத்தக்க கணங்களின் எண்ணத்தக்க சேர்ப்பு. பெய்ர் தேற்றமோ மெய்யெண் கோட்டுக்குத் தேர்வின்றி மெய்; விகிதமுறு முனையுள்ள இடைவெளிகளைப் பட்டியலிட்டு முதலாவதை எடுத்துக்கொண்டே போகலாம். அதாவது எங்கும் அடராத (எந்த இடைவெளியிலும் அடர்ந்திராத) கணங்களின் எண்ணத்தக்க சேர்ப்பாக மெய்யெண் கோடு அமைய முடியாது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? ஒவ்வொரு எண்ணத்தக்க கணமும் ஒற்றைப் புள்ளிகளின் எண்ணத்தக்க சேர்ப்புதான், ஆனால் அந்த எண்ணும் முறைகளை எல்லாக் கணங்களுக்கும் ஒருசேரத் தேர முடியாது. ஆகவே "எங்கும் அடராத கணங்களின் எண்ணத்தக்க சேர்ப்பு" என்ற பண்பு, எண்ணத்தக்க சேர்ப்பின் கீழ் மூடியதல்ல. பெய்ர் தேற்றத்தை இரண்டு விதமாக எழுதினால், ஒன்று அந்த மாதிரியில் மெய், மற்றது பொய். எல்லா முழுமையான மெட்ரிக் வெளிகளுக்குமான பெய்ர் தேற்றம் சார்புத் தேர்வுக்குச் சமானம் என்பது 1977-இல் பிளேர் கண்ட முடிவு.

"எது சரியான வரையறை" என்ற கடைசிக் கேள்விக்கு என் விடை பயனைப் பொறுத்தது, ஆனால் எனக்கு ஒரு சாய்வு உண்டு. தொடர்ச்சிக்கும் மூடல் கணத்துக்கும் திறந்த கண வரையறைகளையே வைத்துக்கொள்ளுங்கள். தொடர்வரிசை வரையறைகளை வேறு பெயரில் தனியாகப் பேசுங்கள், ஏனெனில் அவை வேறு பண்புகள். கச்சிதத்துக்கு உறை. லிண்டலாஃப் தேவைப்படும் இடத்தில் உண்மையில் துணை உறை வேண்டுமா, அடங்கும் உறை போதுமா என்று பாருங்கள். பல நிறுவல்களில் பின்னதே போதும். தேர்வு அடிகோளை ஏற்பவருக்கும் இந்தப் பழக்கம் வீணல்ல. எந்தத் தேற்றம் விதியால் நடக்கிறது, எது வெறும் இருப்பால் நடக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும்.

திறந்த கணங்களை முதன்மையாக்கும் இந்தச் சாய்வை இறுதிவரை கொண்டுபோனவர்களும் உண்டு. புள்ளிகளையே விட்டுவிட்டு, திறந்த கணங்களின் பின்னலை மட்டும் வைத்துக்கொண்டு செய்யும் இடவியலில் அந்தப் பின்னலுக்கு லொகேல் என்று பெயர். கச்சித லொகேல்களின் பெருக்கல் கச்சிதமானது என்பதைத் தேர்வு அடிகோள் இல்லாமலே ஜான்ஸ்டன் 1981-இல் நிறுவினார். தேற்றம் நிற்கிறது, காணாமல் போவது புள்ளிகள்தான். அலகு இடைவெளியை எத்தனை முறை வேண்டுமானாலும் பெருக்கி வரும் லொகேல் எப்போதும் கச்சிதம். அதன் திறந்த பகுதிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியப் போதுமான புள்ளிகள் அதில் எப்போதும் உண்டா என்று கேட்டால், அந்தக் கேள்வி அல்ட்ராஃபில்டர் விரிவுக் கூற்றுக்குச் சமானமாகிவிடுகிறது. சாலவே மாதிரியில், மெய்யெண்கள் எத்தனையோ அத்தனை ஆயத்தொலைவுகள் கொண்ட அந்தப் பெருக்கலுக்கு லொகேல் கச்சிதம், அதன் புள்ளிகளால் ஆன வெளி கச்சிதம் அல்ல.